பருந்தின் பந்தி இடம்: வேட்டைப் பறவைகள் இரை தின்பதைப் படமெடுக்க ஒரு முழு வழிகாட்டி

முதல் இரண்டு வருடம் நான் எடுத்ததெல்லாம் பருந்தின் முதுகுதான். பாய்ச்சலைப் பிடித்தே தீருவது என்று பைக்கை வரப்போரம் போட்டுவிட்டு, லென்ஸைத் தூக்கிக்கொண்டு பறவைக்குப் பின்னாலேயே ஓடினேன். நான் வலப்பக்கம் போனால் அது இடப்பக்கம் இறங்கும். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேரும்போது அது எலியோடு அடுத்த ஊருக்குப் பறந்திருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் நாலாயிரம் படம் இருந்தது. கண் தெளிவாகத் தெரிகிற படம் இருபது தேறாது.

மதுராந்தகம் பக்கம் ஒரு வயலில் நான் இப்படி ஓடுவதை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நாலாவது நாள் கூப்பிட்டார்.

"தம்பி, டெய்லி வந்து ஓடறியே, என்னாத்தத் தேடற?"

"அந்த வெள்ளைப் பருந்து எலி பிடிக்கிறதைப் படம் எடுக்கணும் அய்யா."

"அது எங்க புடிக்கும்னு அதுக்கே தெரியாது. புடிச்சாந்து திங்கறது எங்கன்னு எனக்குத் தெரியும். அதோ அந்த மொட்டப் பனைக்குக் கீழ போய்ப் பாரு. எலித் தோலும் முடியுமா கெடக்கும்."

போய்ப் பார்த்தேன். கிடந்தது. வேட்டை எங்கே வேண்டுமானாலும் நடக்கும். சாப்பாடு நாலைந்து இடங்களில்தான் நடக்கும். மனிதருக்குத் திண்ணை போல, பறவைக்கும் உட்கார்ந்து தின்னப் பழகிய இடம் உண்டு. அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுவதுதான் முழு வேலையும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்கான விளக்கம்.

எந்தப் பறவையில் தொடங்குவது

எடுத்த எடுப்பில் கழுகு, பாறு (பிணந்தின்னிக் கழுகு) என்று போகாதீர்கள். ஊருக்குப் பக்கத்தில், வாரம் இரண்டு முறை போய்ப் பார்க்கக்கூடிய ஒரு பறவையைத் தேர்ந்தெடுங்கள். என் தேர்வு கருந்தோள் பருந்து. பெரியவர் வெள்ளைப் பருந்து என்று சொன்னது இதைத்தான். காக்கையைவிடச் சற்றுச் சிறியது. வெள்ளை உடம்பு, சாம்பல் முதுகு, தோளில் கறுப்புப் பட்டை, வளர்ந்த பறவைக்கு ரத்தச் சிவப்புக் கண். வயல்வெளியில் மின்கம்பி, பட்டமரம், மொட்டைப் பனை என்று திறந்த இடத்திலேயே உட்காரும். அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று சிறகடித்துக் கீழே எலி தேடும். இரை பெரும்பாலும் எலிதான் என்பதால் அறுவடைக் காலம் அதற்குத் தீபாவளி. பொங்கலையொட்டி சம்பா அறுவடை இயந்திரம் இறங்கியதும், ஒளிய இடமில்லாத எலிகள் வெளியே ஓடும். அந்த இரண்டு மூன்று வாரத்தை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது வல்லூறு, ஆங்கிலத்தில் ஷிக்ரா. தோப்பு, பூங்கா, அடுக்குமாடிக் குடியிருப்பின் வேப்பமரம் என்று நகரத்துக்குள்ளேயே இருக்கும். ஓணான், அணில், சின்னப் பறவை எல்லாம் தின்னும். ஆனால் இலை மறைவில் உட்காரும் என்பதால் பொறுமை இரண்டு மடங்கு வேண்டும். வளர்ந்த பறவையில் ஆண் வல்லூறின் கண் சிவப்பு, பெண்ணுக்கு மஞ்சள். படத்தில் கண் நிறம் சரியாக விழுந்தால் ஆணா பெண்ணா என்று பார்ப்பவருக்கே தெரிந்துவிடும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு வேலை எளிது. காசிமேட்டில் கரும்பருந்து கூட்டமாகச் சுற்றும். பழவேற்காட்டில் செம்பருந்தை அருகிலேயே பார்க்கலாம். வீட்டில் பெரியவர்கள் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே கருடன்தான். அக்டோபரிலிருந்து மார்ச் வரை முட்டுக்காடு, பழவேற்காடு, மரக்காணம் கழுவேலி போன்ற உப்பங்கழிகளில் விராலடிப்பான் வரும். மீனைத் தவிர வேறு எதையும் கிட்டத்தட்டத் தொடாத பறவை.

பாறுகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நீலகிரியின் மாயாறு, சீகூர் பகுதியில் வெண்முதுகுப் பாறு இருக்கிறது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, அந்த மாட்டின் சடலம் வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இந்தியா முழுக்க அவற்றை அழித்தது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. எஞ்சியிருப்பவை சொற்பம். அவை தின்பதைப் படமெடுக்க வேண்டும் என்று சடலத்தை நோக்கி இறங்கி நடப்பது பறவைக்கும் கேடு, நமக்கும் கேடு. அது புலிகள் காப்பகம். பாதையில் நிற்கும் அனுமதி பெற்ற வண்டியிலிருந்து கிடைப்பதோடு திருப்திப்படுங்கள்.

பந்தி இடத்தைக் கண்டுபிடிப்பது

முதல் இரண்டு மூன்று நாள் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள் என்பேன். யாரும் கேட்பதில்லை. குறைந்தபட்சம் பையை விட்டு எடுக்காதீர்கள்.

மேலே பார்ப்பதற்கு முன் கீழே பாருங்கள். தனியாக நிற்கும் மரம், கம்பம், மொட்டைப் பனை ஒவ்வொன்றின் அடியிலும் நடந்து பாருங்கள். சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளை எச்சம் கிடக்கும். காக்கை எச்சமும் கிடக்கும் என்பதால் அது மட்டும் போதாது. எலி தின்னும் பறவை செரிக்காத முடியையும் எலும்பையும் சாம்பல் நிற உருண்டையாகக் கக்கும். கட்டைவிரல் பருமனில் காய்ந்து கிடக்கும் அந்த உருண்டையைக் குச்சியால் பிரித்தால் எலியின் தாடை எலும்பு, பல்லோடு வெளியே வரும். வல்லூறு உட்காரும் இடமென்றால் பிடுங்கிப் போட்ட சிறகுகள் காற்றில் புரண்டுகொண்டிருக்கும். மைனாவின் சிறகோ புறாவின் சிறகோ என்று அடையாளம் காண முயலுங்கள். என்ன தின்கிறது என்பது முன்கூட்டியே தெரியும். விராலடிப்பானின் கம்பத்தடியில் செதிலும் முள்ளும் கிடக்கும், நாற்றமும் வரும்.

உருண்டையில் ஈரம் இருக்கிறதா, எச்சம் வெள்ளையாக இருக்கிறதா அல்லது மண்ணேறி மங்கிவிட்டதா என்று பாருங்கள். புதிதாக இருந்தால் அது நடப்பில் இருக்கும் இடம்.

காதும் வேலை செய்ய வேண்டும். காக்கைகள் ஒரே மரத்தைச் சுற்றிக் கரைந்து கொத்தப் போனாலோ, கரிச்சான் மேலிருந்து திரும்பத் திரும்பப் பாய்ந்தாலோ, அணில் விடாமல் ஒரே தாளத்தில் கத்தினாலோ அங்கே ஒரு வேட்டைப் பறவை இருக்கிறது. அதன் காலில் இரை இருந்தால் காக்கைகளின் கூச்சல் இன்னும் நெருக்கமாக இருக்கும், தட்டிப் பறிக்கப் பார்க்குமே.

ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். ஆடு மேய்ப்பவர், தண்ணீர் பாய்ச்சுபவர், வலை இழுப்பவர் தினமும் அங்கேயே இருப்பவர்கள். பறவையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் குழம்புவார்கள். "எலி தூக்குற பறவை எங்க உக்காரும்?" என்று கேளுங்கள். அவர்கள் நிலத்தில் நுழைவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. நாற்று நட்ட வயலில் கால் வைக்கக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இப்படி மூன்று நான்கு இடங்கள் கிடைத்ததும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த மரம், எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம். பருந்து பெரும்பாலும் காற்றுக்கு எதிராக வந்து அமரும், காற்றைப் பார்த்தே உட்காரும். ஆகவே காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசினால் அதன் முகம் உங்களைப் பார்த்திருக்கும். அதே சமயம் சூரியனும் உங்கள் முதுகில் இருந்தால் அன்று அதிர்ஷ்ட நாள். இரண்டும் ஒத்துவராத மரத்தில் அன்றைக்கு உட்காராமல் அடுத்ததற்குப் போங்கள்.

உட்காரும் இடம்

காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை, மாலை நான்கிலிருந்து இருட்டும் வரை. நடுப்பகலில் வேண்டாம். வெளிச்சம் கடுமை என்பதோடு, வயலிலிருந்து எழும் அனல் பெரிய லென்ஸில் கானலாக அலையும். படம் ஃபோகஸில் இருந்தும் தெளிவில்லாமல் இருக்கும். லென்ஸ் பழுது என்று நினைத்து சர்வீஸ் சென்டர் போனவர்கள் உண்டு. நானும் ஒருமுறை போனேன்.

கார் இருந்தால் அதைவிட நல்ல மறைவிடம் கிடையாது. பறவை வருவதற்கு முன்பே வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளேயே இருங்கள். கதவைத் திறந்தால் ஆட்டம் முடிந்தது. கண்ணாடியின் விளிம்பில் லென்ஸைத் தாங்க ஒரு பை வேண்டும். கடையில் விற்கும் பீன்பேக்குக்குப் பதிலாகப் பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, இரண்டு பக்கமும் தைத்து, உள்ளே கேழ்வரகு கொட்டியிருக்கிறேன். ஆறு வருடமாக அதுதான். மழையில் நனைந்தால் முளைத்துவிடும், அது ஒன்றுதான் குறை.

கார் இல்லையென்றால் வரப்போரப் புதர், கிணற்று மேட்டின் நிழல், மோட்டார் கொட்டகைச் சுவர் ஏதாவது ஒன்றில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் கோடு போட்டது போலத் தெரியக்கூடாது, அவ்வளவுதான். விலையுயர்ந்த உருமறைப்புச் சட்டை தேவையில்லை. வெள்ளை, சிவப்பு, மஞ்சள் தவிர்த்தால் போதும்.

நெருங்குவது

சில நாள் நீங்கள் போகும்போதே பறவை தின்றுகொண்டிருக்கும். அப்போது என்ன செய்வது?

வயல் பறவைகள் மனிதரைப் பார்த்துப் பழகியவை. மண்வெட்டியோடு நடப்பவரையோ, சேறடிக்கும் டிராக்டரையோ கண்டுகொள்ளாது. டிராக்டரின் பின்னாலேயே நண்டுக்கும் தவளைக்கும் செம்பருந்து சுற்றும். ஆனால் குனிந்து பதுங்கி, தன்னையே முறைத்துக்கொண்டு வரும் ஆளைப் பார்த்தால் அதற்கு அடிவயிறு கலங்கும், பதுங்கி வருவது நரியும் பூனையும்தானே. எனவே வேறு வேலையாகப் போவது போல, பறவையை நேராகப் பார்க்காமல், குறுக்காக நடங்கள். பத்து அடி நடந்ததும் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் கிடைக்காமலே போகலாம்.

சின்ன வயதில் ஸ்டேச்சு விளையாடியிருப்பீர்களே, அதே விளையாட்டுதான். பறவை தலையைக் குனிந்து கிழிக்கும்போது நகருங்கள். தலையை நிமிர்த்தினால் சிலையாகிவிடுங்கள். ஒரு காலைத் தூக்கியபடியே நிற்க நேரிடும், பரவாயில்லை.

எங்கே நிறுத்துவது என்பதைப் பறவையே சொல்லும். தின்பதை நிறுத்திவிட்டு உங்களையே பார்த்தால் ஒரு எச்சரிக்கை. உப்பியிருந்த இறகுகளை உடம்போடு ஒட்டவைத்து ஒல்லியாக, நெட்டையாக மாறினால் இரண்டாவது எச்சரிக்கை. இரையை இன்னொரு காலுக்கு மாற்றிப் பிடித்து, உடம்பை முன்னால் சாய்த்து, எச்சம் போட்டால் அது பறக்கப்போகிறது. முதல் எச்சரிக்கையிலேயே பின்வாங்கிப் பழகுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு வல்லூறிடம். ஓணானைப் பிடித்துவந்து தாழ்ந்த முருங்கைக் கிளையில் உட்கார்ந்திருந்தது. பதினைந்து மீட்டரில் நல்ல படங்கள் கிடைத்துவிட்டன. பின்னணியில் ஒரு மின்கம்பம் தெரிகிறதே என்று இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து வரப்பைத் தாண்டினேன். வல்லூறு எழும்பியது. ஓணானோடு தாழப் பறந்ததை நாலு காக்கைகள் பார்த்துவிட்டன. துரத்தல், கூச்சல், வேலிக்கருவேலம் புதருக்கு மேல் இரை கை நழுவியது. வல்லூறு ஒரு நிமிடம் அந்தப் புதரின் மேலேயே சுற்றிவிட்டுப் போய்விட்டது. அன்றைய காலையில் அதற்குக் கிடைத்த சாப்பாடு, ஒரு மின்கம்பத்துக்காகப் போயிற்று. அந்தக் கம்பத்தை ஃபோட்டோஷாப்பில் இரண்டு நிமிடத்தில் எடுத்திருக்கலாம்.

கேமராவில் என்ன வைப்பது

400 மி.மீ.க்குக் குறைந்தால் சிரமம். 150-600, 200-600 போன்ற ஜூம் லென்ஸ்கள் போதும். தூரத்தில் தலையும், சிறகை விரித்தால் முழு உடம்பும் வேண்டியிருப்பதால் இந்த வேலைக்கு ஜூம்தான் வசதி என்பது என் கருத்து.

மேனுவல் மோடில் ஷட்டர் வேகத்தையும் அப்பெர்ச்சரையும் (லென்ஸ் துவாரத்தின் அளவு) நீங்களே வைத்து, ஐஎஸ்ஓவை (வெளிச்ச உணர்திறன்) ஆட்டோவில் விடுங்கள். உட்கார்ந்து தின்னும் பறவைதானே என்று 1/250இல் எடுக்காதீர்கள். உடம்பு அசையாது, தலை மட்டும் சதையைக் கவ்வி வெடுக்கென்று இழுக்கும். அந்த இழுப்பை நிறுத்த 1/1000ஆவது வேண்டும். எழும்பிப் பறக்கும்போது 1/2500, 1/3200. வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓ 3200 போனாலும் தயங்காதீர்கள். அதனால் விழும் புள்ளிகளை மென்பொருள் சரிசெய்யும், ஆட்டத்தைச் சரிசெய்யாது.

அப்பெர்ச்சரில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 600 மி.மீ. லென்ஸை எஃப் 6.3இல் வைத்து 10 மீட்டர் தூரத்தில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 10 செ.மீ. கண் தெளிவாக இருக்கும். காலடியில் கிடக்கும் எலி மங்கலாகிவிடும். எஃப் 8, எஃப் 9 வரை மூடினால் கொஞ்சம் கூடும். அதைவிட நல்ல வழி, பறவை பக்கவாட்டில் இருக்கும் கோணத்தில் உட்காருவது. அப்போது கண், அலகு, இரை மூன்றும் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்.

எக்ஸ்போஷரில், அதாவது படத்தின் வெளிச்ச அளவில், கேமரா உங்களை ஏமாற்றப் பார்க்கும். வெளிர் வானத்தில் கரும்பருந்து என்றால் +1 அல்லது அதற்கும் மேல் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் கறுப்புக் காகிதத்தை வெட்டி ஒட்டியது போல இருக்கும். செம்பருந்தின் வெள்ளைத் தலை, கருந்தோள் பருந்தின் வெள்ளை மார்பு வெயிலில் வெளுத்துப்போகும். பின்னணி கரும்பச்சையாக இருந்தால் −0.7 வரை இறக்குங்கள். வெளுத்துப்போன இடத்தை மின்னிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையை எப்போதும் ஆன் செய்து வையுங்கள். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுங்கள்.

ஃபோகஸ் தொடர் முறையில் இருக்கட்டும், பறவை அசைந்தாலும் கேமரா பின்தொடரும். கண்ணைக் கண்டறியும் வசதி இருந்தால் நல்லது, ஆனால் அதை முழுக்க நம்பாதீர்கள். சதையைக் கிழிக்கும்போது பல பறவைகள் மூன்றாவது இமையை மூடிக்கொள்ளும். வெளிர் படலம் கண்ணை மூடியதும் கேமரா கண்ணைத் தொலைத்துவிட்டு முன்னால் இருக்கும் புல்லுக்குத் தாவிவிடும். அதனால் பின்பக்க பட்டனில் ஃபோகஸை வைத்து, சிறிய பகுதியைத் தேர்ந்தெடுத்து, தலை நிமிரும்போது மட்டும் அழுத்துங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் உட்கார்ந்த பறவைக்கு வரம். ஆனால் சில கேமராக்களில் பறக்கும் சிறகை வளைத்துக் காட்டும். உங்கள் கேமராவில் வீட்டு மின்விசிறியைச் சுழலவிட்டுப் படமெடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு நடக்கும் விதம்

அரை மணி நேரம் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தால் ஆயிரத்து ஐந்நூறு ஒரே மாதிரிப் படங்கள்தான் கிடைக்கும். சாப்பாட்டுக்கு ஒரு வரிசை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் எந்தக் கட்டத்தில் அழுத்த வேண்டும், எப்போது விரலுக்கு ஓய்வு என்பது தெரியும்.

பறவை இரையோடு வந்து அமர்ந்ததும் முதலில் தின்னாது. சுற்றும் முற்றும் பார்க்கும். மேலே காக்கையோ வேறு பருந்தோ தெரிந்தால் சிறகையும் வாலையும் விரித்து இரையை மூடிக்கொள்ளும். கோழி குஞ்சை மூடுவது போலவே இருக்கும். மூடப்பட்டது மட்டும் வேறு. இந்த விரிப்பு இரண்டு மூன்று விநாடிதான் நிற்கும். அதனால் அது இறங்கி வரும்போதே ஜூமைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, சிறகு வெட்டுப்படாமல் இடம் விடுங்கள். நான் இழந்த நல்ல படங்களில் பாதி, சிறகின் நுனி சட்டத்துக்கு வெளியே போனவை.

அடுத்து உரித்தல். வல்லூறு சின்னப் பறவையைப் பிடித்தால் முதலில் சிறகுகளைப் பிடுங்கி எறியும். காற்று இருந்தால் அவை படத்துக்குள்ளேயே மிதக்கும். வாயில் ஒட்டிய மென்சிறகை உதற அது தலையைச் சிலுப்பும் தருணம் எனக்கு மிகப் பிடித்தது. கருந்தோள் பருந்து எலியைத் தலையிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு காலால் கிளையோடு சேர்த்து அழுத்தி, முடியைக் கொத்திக் கொத்தித் துப்பிவிட்டு உள்ளே போகும். குடலை நீளமாக இழுத்துக் கீழே போடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த இழுப்பில் கழுத்து நிமிர்ந்து, அலகுக்கும் காலுக்கும் நடுவே ஒரு கோடு விழும். பார்க்கச் சங்கடமாக இருக்கலாம், படத்துக்கு அதுதான் உயிர்.

தலை குனிந்திருக்கும்போது எடுக்காதீர்கள். கண் தெரியாது, முதுகுதான் வரும். இழுத்து நிமிரும் கணத்துக்குக் காத்திருந்து மூன்று நான்கு படம் மட்டும் தட்டுங்கள். கண்ணில் சூரியப் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளி இல்லாத பருந்து பாடம் செய்த பொம்மை போலத் தெரியும்.

கடைசியில் மிச்சமிருக்கும் பின்னங்கால், வால் ஆகியவற்றை முழுசாக விழுங்கும். எலியின் வால் அலகின் ஓரத்தில் தொங்கி, மெல்ல மெல்ல உள்ளே போகும். பாம்புக் கழுகென்றால் பாம்பையே அப்படி விழுங்கும், வால் நுனி வெளியே நெளிந்துகொண்டிருக்கும்.

தின்று முடித்ததும் பலரும் கேமராவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். அலகைக் கிளையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தீட்டும், கத்தியைச் சாணையில் தீட்டுவது போல. பிறகு எல்லா இறகையும் உப்பி ஒரு சிலிர்ப்பு. தீனிப்பை கழுத்தின் கீழே புடைத்துத் தெரியும். ஒற்றைக்காலில் நின்று கண்ணை அரைவாசி மூடும். மிரட்சி இல்லாத பருந்தின் முகம் அப்போதுதான் கிடைக்கும்.

பறந்தபடியே தின்பவை

செம்பருந்துக்கும் கரும்பருந்துக்கும் உட்கார்ந்து தின்னும் பொறுமை எப்போதும் இருப்பதில்லை. நீர்ப்பரப்பிலிருந்து காலால் மீனை அள்ளி, மேலேறிக்கொண்டே காலை முன்னால் நீட்டி, தலையைக் குனிந்து அலகால் கொத்தும். சுற்றிலும் பறிக்க வருபவர்கள் இருப்பதால் இந்த அவசரம். வலை பிரிக்கும் நேரத்தில் படகுத்துறையில் நின்றால் ஒரு மணி நேரத்தில் இருபது முறை இது நடக்கும், பழகுவதற்கு இதைவிட நல்ல பள்ளி கிடையாது. சூரியனை முதுகில் வைத்து, 1/2500இல், பறவை உங்களுக்குக் குறுக்கே வட்டமடிக்கும்போது தொடர்ந்து வாருங்கள். சிறகு மேலே போகும்போதுதான் காலும் முகமும் வெளிச்சத்தில் இருக்கும். கீழே வரும்போது சிறகு முகத்தை மறைத்துவிடும்.

விராலடிப்பான் வேறு ரகம். கால் முன்னால் வரத் தண்ணீருக்குள் பாயும், பெரும்பாலும் உடம்பே முழுகும். எழும்பி நாலைந்து மீட்டர் உயரம் வந்ததும் நாய் குளித்துவிட்டு உதறுவது போல நடுவானில் உடம்பை உதறும். அந்த நீர்ச்சிதறல் எல்லோருக்கும் வேண்டிய படம். பாய்ந்தவுடன் பரபரப்பில் எல்லாவற்றையும் அழுத்தி பஃபரை, அதாவது படங்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகத்தை, நிரப்பிவிட்டால், உதறும்போது கேமரா உறைந்து நிற்கும். முதல் எழும்பலில் சிக்கனமாக இருங்கள். பிறகு மீனைத் தலை முன்னால் இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொள்ளும். காற்றுத் தடை குறையும். அதன் வெளிவிரல் முன்னும் பின்னும் திரும்பக்கூடியது, பாதத்தின் அடியில் சொரசொரப்பான முட்கள் உண்டு. கால் நகங்கள் தெளிவாகத் தெரியும் படம் கிடைத்தால் அதை வெட்டி எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மீனென்றால் கம்பத்தில் உட்கார்ந்து தலையிலிருந்து தின்று முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகும். படகுக்காரரிடம் நெருங்கச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். பாதித் தின்ற மீனோடு அது எழும்பினால் மறுபடி அந்தக் கம்பத்துக்கு வருவது சந்தேகம்.

இரை வைத்து எடுப்பது

எலியைக் கட்டிவைத்துப் பருந்தை வரவழைத்துப் படமெடுக்கும் பழக்கம் நம் ஊரிலும் வந்துவிட்டது. "சார், இரண்டாயிரம் கொடுத்தா அரை மணில பாய்ச்சல் ஷாட் கேரண்டி" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். செய்யாதீர்கள். உயிருள்ள பிராணியைக் கட்டிப்போடுவது கொடுமை என்பது ஒன்று. விஷம் தின்ற எலியாக இருந்தால் பருந்தும் போய்ச்சேரும் என்பது இன்னொன்று. மனிதரைக் கண்டால் தீனி என்று பழகிய பறவை, கல்லோடு நிற்கும் மனிதரிடமும் அப்படியே வரும். மலேசியாவின் லங்காவித் தீவில் சுற்றுலாப் படகிலிருந்து செம்பருந்துக்குக் கோழித்தோல் வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். நூறு பறவை ஒரே சமயத்தில் இறங்கும், படமும் வரும், ஒவ்வொன்றிலும் அதே கோழித்தோல்தான் இருக்கும். போட்டிகளிலும் இப்போது நடுவர்கள் இதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கட்டப்பட்ட எலி ஓடாது, உடம்பு வேறு மாதிரி விழும்.

கூட்டுக்கு அருகே போகவே வேண்டாம். குஞ்சுக்கு ஊட்டும் படம் ஆசைதான். ஆனால் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் பறவையின் கூட்டைத் தொந்தரவு செய்வதும் வேட்டை என்ற வரையறைக்குள்தான் வருகிறது. சட்டத்தை விடுங்கள், நீங்கள் நிற்கும் அரை மணி நேரம் தாய்ப் பறவை இரையோடு அடுத்த மரத்தில் காத்திருக்கும். காக்கை காத்திருக்காது.

வீட்டுக்கு வந்த பிறகு

படங்களைத் தேர்வு செய்யும்போது ரத்தத்தை அழிக்காதீர்கள். நிறத்தை ஏற்றி சிவப்பாக்கவும் வேண்டாம். அது இருந்தபடியே இருக்கட்டும். இரையும் கண்ணும் ஒரே தெளிவில் இருக்கும் படத்துக்கு முதலிடம் கொடுங்கள். இன்ன பறவை, இன்ன இரை, இத்தனை மணி என்று குறிப்பு எழுதுங்கள். என்ன தின்றது என்ற தகவலைப் பறவை ஆய்வு செய்பவர்கள் தேடுகிறார்கள். அழகான படத்தைவிட அது அவர்களுக்குப் பெரிது. உயிரினங்களைப் பார்த்ததைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் பதிவிட்டால் துல்லியமான இடத்தை மறைக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். செல்போனில் எடுத்த படத்தோடு ஜிபிஎஸ் தகவல் ஒட்டிக்கொண்டு போகும், பகிரும் முன் நீக்கிவிடுங்கள்.

நான் பதிவிடும்போது இடம் என்ற கட்டத்தில் செங்கல்பட்டு மாவட்டம் என்று மட்டும் போடுகிறேன். "எந்த ஊர் சார், லொகேஷன் ஷேர் பண்ணுங்க" என்று வாரம் நாலு பேர் கேட்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எந்தெந்த மொட்டைப் பனைக்குக் கீழே குனிந்து பார்க்க வேண்டும் என்று பதில் எழுதுகிறேன்.